முடி ஒட்டிய எழுத்து

காலையில் கதவைத் தட்டியது மாடி நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. தோளில் கைப்பை, கையில் ஒரு தாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல அதை இரண்டு விரல் நுனியில் பிடித்திருந்தாள். "சார் இருக்காரா?" என்றாள். அந்தக் கட்டடத்தில் குழாய் ஒழுகினாலும், லிப்ட் பாதியில் நின்றாலும், எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தாலும் முதலில் தட்டப்படுவது இந்தக் கதவுதான். சார்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கதவைத் திறந்த அவர் மனைவி, டீத் தம்ளரும் கையுமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

செயலாளர் தாளை வாங்கினார். சங்கத்துச் சுற்றறிக்கையைப் படிக்கிற அதே நிதானத்தோடு வாய்விட்டுப் படித்தார். "பார்த்ததை மறந்துவிடு. பேசினால் அடுத்தது நீ."

மனைவி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். அட, நம்ம எழுத்து! கடைத்தெருக் கூட்டத்தில் தன் பிள்ளையின் முதுகை மட்டும் பார்த்தாலே தாய்க்குத் தெரிந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி ஒரு துள்ளல். அந்தத் துள்ளலுக்காக அவள் பிறகு தன்னையே எவ்வளவோ திட்டிக்கொண்டாள். மறுகணமே தாளில் எழுதியிருந்தது என்ன என்று உறைத்தது. தம்ளரை மேசைமேல் வைக்கப் போய், விளிம்பில் வைத்து, பிடித்து, மறுபடி உள்ளே தள்ளி வைத்தாள்.

"என் கதவுல ஒட்டியிருந்துச்சு சார்," என்றாள் நர்ஸ். "நான் என்ன பொய்யா சொன்னேன்? பார்த்ததைத்தானே சொன்னேன்."

அவள் பார்த்தது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்த கதை. போன வாரம் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், பின் சந்தில், துணி தேய்ப்பவரின் மகளை ஒரு கார் இடித்துவிட்டுப் போனது. பிள்ளைக்கு எட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறது. நர்ஸ் அப்போது மூன்றாம் மாடி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து பார்த்ததில் காரின் முதுகு சாம்பல் நிறம் என்பதுதான் தெரிந்தது. சாம்பல் நிறக் கார் அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஆனா இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு சார். அவன் நிறுத்தாமப் போகலை. நிறுத்தினான். இறங்கி வந்து பக்கத்துல நின்னான். கண்ணாடியைக் கழட்டி, சட்டை நுனியில தொடைச்சு, திரும்ப மாட்டிக்கிட்டுப் புள்ளையக் குனிஞ்சு பார்த்தான். பார்த்துட்டுத்தான் ஏறிப் போனான். முகம் தெரியலை சார். அந்தத் தொடைச்ச தினுசு மட்டும் கண்ணுலயே நிக்குது. எங்க பார்த்தாலும் சொல்லிருவேன்."

செயலாளரின் வலது கை அப்போது மூக்குக்கண்ணாடியை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அங்கேயே திசை மாறிக் காதைச் சொறிந்தது. பிறகு கீழே இறங்கித் தாளைப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் தலையைக் குனிந்திருந்தாள், கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். யோசனை வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அந்தக் கையைப் பதினாறு வருஷமாகப் பார்க்கிறவள் அவள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் செயலாளர். "இது யார் எழுத்துன்னு குழந்தையைக் கேட்டாக்கூடச் சொல்லும். நம்ம மோட்டார் அண்ணன் எழுத்து."

அது உண்மைதான், அங்கேதான் வினையே. மோட்டார் அண்ணன் அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றி இறக்குகிறவர். மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, மிச்சம் மீதி பெயிண்டையும் முடி உதிர்கிற ஒரு தூரிகையையும் வைத்து எல்லா அறிவிப்பையும் அவரே எழுதுவார். "லிப்ட் வேலை செய்யாது. கால் வேலை செய்யும்." "தண்ணி எட்டு மணி வரை. அப்புறம் என்னைத் திட்டி பிரயோஜனம் இல்லை." ஒரே ஒரு தாளில் எழுதுவார்; செயலாளர் அதை வீட்டிலேயே பிரதி எடுத்து மாடிக்கு ஒன்றாக ஒட்டுவார். வருஷக்கணக்காக அந்தக் கட்டடத்தில் அதுதான் வழக்கம். அதனால், கறுப்பாக அச்சில் வந்த தூரிகை எழுத்தை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

செயலாளரின் மனைவிக்கு அங்கே எழுத்துக்காரி என்று பெயர். கணினிக்கு எழுத்துரு செய்து கொடுப்பது அவள் தொழில். முதலில் அவள் அதைச் சொன்னபோது, "எழுத்துதான் ஏற்கெனவே இருக்கே, அதை எதுக்குப் புதுசா செய்யணும்?" என்று கேட்டு, சிரித்து, அந்தப் பெயரையும் வைத்துவிட்டார்கள். ஒரு பழச்சாறுக் கம்பெனிக்காரர்கள் பாட்டில் மேல் போட முரட்டு எழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையால் எழுதிய மாதிரி, தூரிகை பிசிறிய மாதிரி, வீட்டில் செய்தது மாதிரி. இப்போது எதற்கெடுத்தாலும் அதுதானே கேட்கிறார்கள். எண்ணெய்ப் பாட்டில், தேன் பாட்டில், சோப்பு, ஊர்வலத்துப் பதாகை எல்லாவற்றுக்கும் அந்த எழுத்துத்தான். வழவழப்பான எழுத்தைக் கண்டால் ஜனங்கள் கம்பெனி பேசுகிறது என்கிறார்கள். பிசிறு இருந்தால் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நம்பிவிடுகிறார்கள். எழுத்துக்காரி மோட்டார் அண்ணனைப் பிடித்தாள். கூலி பேசி, மொட்டைமாடியில் தாள் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதி வாங்கினாள். அவர் எழுத்தில் ஒரு தெனாவட்டு உண்டு. இடதுகால் தடியாக ஊன்றி, வலதுகால் பெயிண்ட் தீர்ந்து கீறலாக முடியும்.

அந்தத் தாள்களில் 'த' எழுதும்போது தூரிகையின் முடி ஒன்று உதிர்ந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. எழுத்தின் வாலுக்கு மேலே, கொக்கி மாதிரி. எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம், இருக்கட்டுமே, அசலாக இருக்கிறது என்று அப்படியே கணினிக்குள் ஏற்றிவிட்டாள். செய்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது. எழுத்துருவில் ஒரு 'த' என்றால் எல்லா 'த'வும் அதுதான். எங்கே தட்டினாலும் அதே கொக்கி, அதே இடத்தில். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கம்பெனிக்கு அனுப்பின கோப்பில் முடியை அழித்துவிட்டாள். முடி ஒட்டிய பழையது இந்த வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தது. அதுவும் அவள் கணவர் ஆசைப்பட்டு, சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் 'உப்பு', 'சர்க்கரை', 'தனியா' என்று அச்செடுத்து ஒட்டினாரே, அதனால்தான் அழிக்காமல் வைத்திருந்தாள்.

நர்ஸ் கொண்டுவந்த தாளில் முதல் சொல்லிலேயே மூன்று 'த'. மூன்றிலும் கொக்கி.

அன்று அவர் ஆபீசுக்குப் போன பிறகு எழுத்துக்காரி சமையலறையில் நின்று தனியா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை அடிபட்டதற்கு மறுநாள் விடிந்ததும் கார் பட்டறைக்குப் போனது. ஏசி சரியில்லை என்றார். சரியில்லை என்றால் சரியில்லைதான், அவள் ஏன் துருவப் போகிறாள்? அவர்களுடையதும் சாம்பல் நிறம். பிள்ளை அடிபட்ட அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை, தலைவலி என்றார். அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்த விரல்களை இப்போது புடவையில் துடைத்தாள்.

மத்தியானம் மோட்டார் அண்ணன் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அம்மா, அந்தத் தாளைச் சார் காட்டினார். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. என் எழுத்துதான், இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா நான் எழுதலை. தூக்கத்துல எழுதியிருப்பமோன்னுகூட யோசிச்சுட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எவன்கிட்டயோ காசு வாங்கிக்கிட்டு எழுதிட்டேன்னு பேசறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் வச்சு விசாரிக்கப் போறாங்களாம். அப்படியே போலீசுன்னு பேச்சு. அந்தப் புள்ளைக்கு நான்தான்மா சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தேன்."

அவள் கதவுத் தாழ்ப்பாளை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்கிட்ட எழுதி வாங்கினீங்களே. அது வேற யார் கையிலயாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சுத்தான் வரவில்லை. "அது இன்னும் முடியலைண்ணே," என்று மென்று முழுங்கினாள். "வெளிய போகலை."

"சரிம்மா. நீங்க சொன்னா சரிதான்," என்றார். நம்பிக்கொண்டு போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்குகிற வரைக்கும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? கணினி அவளுடையது, எழுத்துரு அவள் செய்தது. முதலில் கேள்வி அவளைத்தான் கேட்பார்கள். அவரோ ஒரு தடவைகூடக் கைநீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும். அதுதான் அவள் பயம். கத்துகிற மனுஷனிடம் எதிர்த்துக் கத்தலாம். இறங்கிய குரலுக்கு முன்னால் அவளுக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த வாரம் முழுக்க அவர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. அழுக்குப் படிந்து, விரல் ரேகை படிந்து, பக்கத்தில் வந்து நின்றால் கண்ணே சரியாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒரு தூசி விழுந்தால் பொறுக்காத மனுஷர். அவள் சோறு போடும்போதெல்லாம் அந்த அழுக்கையே பார்த்தாள். கேட்கத் துணிச்சல் இல்லை.

சனிக்கிழமை மாலை அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். வந்த சத்தமே கேட்கவில்லை. தோளில் கையை வைத்தார். கை எப்போதும் போல வெதுவெதுப்பாக, பாந்தமாகத்தான் இருந்தது. அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"ஒரு எழுத்து ரெண்டு தடவை வந்தா ரெண்டும் ஒரே அச்சா இருக்கே. யாராவது கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"உத்துப் பார்த்தாத் தெரியும்," என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யார் உத்துப் பார்க்கறா." கை தோளிலேயே இருந்தது. "பழைய கோப்பெல்லாம் எதுக்கு வச்சிருக்கே? அழிச்சிடு. இடத்தை அடைச்சுக்கிட்டு."

"சரிங்க."

"இப்பவே அழிச்சிடேன்."

குரல் இறங்கியிருந்தது. அவள் அழித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அழிந்ததும் தோளை லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டு டீ போடப் போனார். அவளுக்கும் சேர்த்துத்தான் போட்டார். அதையும் குடித்துத் தொலைத்தாள். அழித்த கோப்பு குப்பைக்கூடைக்குத்தான் போகும், கூடையையும் காலி செய்தால்தான் ஒழியும் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். காலி செய்யவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலி போட அவர் முன்னதாகவே கீழே இறங்கினார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் எழுத்துக்காரி கூடையிலிருந்து கோப்பை மீட்டாள். அந்த வாசகத்தை அவளே தட்ட வேண்டியிருந்தது. பார்த்ததை மறந்துவிடு. ஒவ்வொரு எழுத்தும் அவள் விரலுக்குக் கீழே எழுந்து நின்று அவளையே மிரட்டியது. இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். எழுத்தின் அளவு எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பட்டியலில் கடைசியாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம்; உப்பு டப்பாவுக்கே எழுபத்திரண்டு போட்டு, பெயர் டப்பாவை விடப் பெரிதாகி, மறுபடி எடுத்தவர். எழுபத்திரண்டு போட்டாள். அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும் போலிருந்தது. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கூட்டம் கீழே, கார் நிறுத்துமிடத்தில். ஒரு பக்கம் அவர்களுடைய கார் நின்றது. முந்தின நாள்தான் பட்டறையிலிருந்து வந்தது, முன்பக்கம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. அதற்கு முன்னால் மேசை போட்டுச் செயலாளர் உட்கார்ந்திருந்தார், சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு. அந்தத் தாள் மேசைமேல் ஒரு கல்லை வைத்து விரித்திருந்தது. நர்ஸ் கடைசி வரிசையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகப் போவதில்லை என்று காலையிலேயே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

"போலீஸ் வரைக்கும் எதுக்கு? நம்ம வீட்டு மனுஷன் மாதிரி பழகினவர்," என்றார் செயலாளர். "இங்கேயே எழுதிக் காட்டட்டும். எழுத்து வேறன்னா விட்டுடலாம். ஒண்ணுன்னா அவரே பெட்டியைக் கட்டட்டும்."

நியாயம்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். எழுத்துக்காரிக்கு மட்டும் அதன் விஷம் புரிந்தது. அந்தக் கை எழுதினால் அந்த எழுத்துத்தான் வரும். வேறு எந்த எழுத்து வரும்?

மோட்டார் அண்ணன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். தூரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து எழுதினார். அதே தடித்த இடதுகால், அதே கீறல் வலதுகால். எழுத எழுதக் கூட்டத்தில் உச்சுக்கொட்டினார்கள். இரண்டாவது 'த' எழுதும்போது தூரிகையிலிருந்து ஒரு முடி உதிர்ந்து பெயிண்டில் ஒட்டியது.

"அந்தா முடி," என்றார் முன்வரிசையில் ஒருவர், இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "அதுலயும் முடி இருக்கு பாருங்க. அதே பிரஷ்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மோட்டார் அண்ணன் நிமிரவில்லை. தான் எழுதினதையே திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்கி, ஏனோ, எழுத்துக்காரி நின்ற பக்கம் பார்த்தார். அவள்தான் அவரிடம் வெளிய போகலைண்ணே என்று சொன்னவள்.

அவள் மேசைக்கு நடந்து வந்தாள்.

"நீ எதுக்கு இங்க?" செயலாளரின் குரல் இறங்கியிருந்தது. "வீட்டுக்குப் போம்மா."

அவள் போகவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிய்த்து எடுத்துத்தான் பேசினாள். "அண்ணன் எழுதினதுல ஒரு 'த'வுலதான் முடி இருக்கு. மிரட்டின தாள்ல, 'து'வை விட்டுட்டு, அஞ்சு 'த' இருக்கு. அஞ்சுலயும் முடி. ஒரே இடத்துல, ஒரே வளைவுல. கையால எழுதினா அப்படி வராது."

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. முன்வரிசைக்காரர் மட்டும் தாளின் மேல் குனிந்து, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்.

"அது நான் செய்த எழுத்து," என்றாள். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. வேற எங்கயும் இல்லை."

சாவிக்கொத்துச் சுழல்வது நின்றது. அவர் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கல்லை நகர்த்தி மேசையிலிருந்த தாளை எடுத்தாள். இடுப்பிலிருந்ததைப் பிரித்து அதன் மேல் வைத்து, நாலு முனையும் சேர்த்துப் பிடித்து, வெயில் விழுகிற பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். இரண்டு வாசகம் ஒரே வாசகமாக நின்றது. தாள்கள் ஆடின, எழுத்து ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லை.

மோட்டார் அண்ணனின் தூரிகையிலிருந்து பெயிண்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் அந்தத் தாள்களையே பார்த்தார். சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கண்ணைச் சுருக்கினார். பிறகு யோசனையோடு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியை இழுத்து, நிதானமாக, முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், துடைக்க ஆரம்பித்தார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது.